மிக்கேலா: பெயருக்குள் ஒரு கேள்வி

கேள்வி: அமெரிக்காவில் பிறந்த எங்கள் பேத்திக்கு மிக்கேலா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எம், ஐ, கே, ஏ, ஒய், எல், ஏ என்று எழுதுகிறார்கள். இணையத்தில் 'கடவுளைப் போன்றவள்' என்று பொருள் போட்டிருந்தது. அது சரிதானா? தமிழில் எப்படி எழுதுவது?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பெயர் எபிரேயம், எழுத்துக்கூட்டல் மட்டுமே புதிது. உங்கள் வேதாகமத்தில் தானியேல் புத்தகத்தின் 10ஆம் அதிகாரத்தில் வரும் பிரதான தூதன் மிகாவேலின் பெயர்தான் இதற்கு மூலம். எபிரேயத்தில் 'மி' என்றால் யார், 'கா' என்றால் போல, 'ஏல்' என்றால் இறைவன். ஆகவே 'இறைவனுக்கு நிகர் யார்?' என்பதே பொருள். ஒருவருமில்லை என்ற விடையை எதிர்பார்க்கும் கேள்வி அது. அதைக் 'கடவுளைப் போன்றவள்' என்று எழுதுவது பொருளைத் தலைகீழாக்குவதாகும்.

எபிரேயத்தில் 'கா'வுக்கும் 'ஏல்'லுக்கும் நடுவே ஆலெஃப் என்ற எழுத்து நின்று இரண்டு உயிரொலிகளையும் பிரிக்கிறது. தமிழில் உயிரும் உயிரும் அடுத்தடுத்து நிற்காது என்பதால், நம் மொழிபெயர்ப்பாளர்கள் உடம்படுமெய்யிட்டு மிகாவேல், சாமுவேல் என்றும், இகரத்துக்குப் பின் யகரமிட்டு தானியேல், காபிரியேல் என்றும் எழுதினார்கள். நன்னூல் படித்தவர்களுக்கு அந்த மூட்டு உடனே தெரிந்துவிடும். அமெரிக்கப் புது எழுத்துக்கூட்டலிலோ 'ஏ, ஒய்' என்ற இரண்டெழுத்து அந்த இடத்தை அப்படியே விழுங்கிவிட்டது. 'ஏல்' எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. மிகாவேலின் ஆங்கில வடிவமான மைக்கேலில் கிரேக்கம், லத்தீன் வழியாக வந்த 'சி, எச்' போய் 'கே' வந்ததும் உச்சரிப்பைக் கண்ணுக்குக் காட்டுவதற்காகத்தான்.

பனிச்சறுக்கு வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் 'கே' போட்டாலும் 'ஏ, இ, எல்' என்ற பகுதியை விடவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மெக்கேலா மரோனி பெயரோ 'எம், சி' என்று தொடங்குகிறது. ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்களில் 'மெக்' என்றால் மகன்; பெண் பெயருக்கு அது வந்து சேர்ந்தது வேடிக்கைதான்.

தமிழில் 'மிகேலா' என்று ஒற்றைக் ககரமிட்டால் 'கே' மெலிந்து ஒலிக்கும். கத்தோலிக்கர் மிக்கேல் என்று எழுதுவதுபோல, ஒற்றெழுத்துடன் மிக்கேலா என்றே எழுதுங்கள்.