ஆட்டுக்கால் சூப் குடித்தால் குடல் புண் ஆறுமா?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்காக (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்) இரண்டு வருடமாக மெசலமைன் சாப்பிடுகிறான். தினமும் ஆட்டுக்கால் சூப் குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: சூப்பைத் தாராளமாகக் கொடுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

எலும்பைக் கொதிக்கவிட்டால் ஜெலட்டின் இறங்கும். சூப் ஆறியதும் தளதளவென்று கட்டி நிற்குமே, அதுதான். அது நேரே போய்ப் புண்ணில் ஒட்டிக்கொள்ளும் பசை அல்ல. மற்றப் புரதம் போலவே செரித்துவிடும். புரதத்தின் தரம் என்று பார்த்தாலும் ஒரு முட்டைக்கு ஈடாகாது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் அழற்சி குறைந்தது உண்மைதான். மனிதர்களிடம் அப்படி நிரூபணமாகவில்லை. வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, மிளகைக் குறைத்துக் கொடுங்கள்.

உப்புப் போட்ட சூப் உண்மையிலேயே உதவும் இடம் ஒன்று உண்டு. பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலை வயிற்றின் மேல் திறந்து பை பொருத்தியவர்களுக்கு நீரோடு உப்பும் நிறைய வெளியேறும். தாகத்துக்கு வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினால் போக்கு இன்னும் கூடலாம். அவர்களுக்கு ஓஆர்எஸ் கரைசல்தான் முதல் மருந்து. கூடவே உப்புச் சூப்பும் நல்லது. உங்கள் மகனுக்கு இது பொருந்தாது. பை உள்ள பலருக்கு இதை யாரும் சொல்வதே இல்லை என்பதால் எழுதுகிறேன்.

என் கவலை சூப் இல்லை, பொடி. போன மாதம் ஒரு அம்மா ‘குடல் சீரமைப்புப் பவுடர்’ டப்பாவை என் மேஜையில் வைத்தார். தயாரித்தவர் பெயர் இல்லை. உணவுப் பொருளில் இருக்க வேண்டிய 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இல்லை. ‘மூலிகைகள், எலும்புச் சாறு’, அவ்வளவுதான். விற்றவர் பக்கத்துத் தெருக்காரர், பெட்டிக்குக் கமிஷன். இந்த மாதிரிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பது புதிதல்ல. முதல் வாரம் மலத்தில் போகும் ரத்தம் நின்று மாயம் போலத் தெரியும். அப்புறம் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும், உடம்பும் தளர்ந்து விழும்.

குறை எங்கள் பக்கமும் இருக்கிறது. ஓ.பி.யில் மூன்று நிமிடம். என்ன சாப்பிடலாம் என்று கேட்டால், ‘காரம், எண்ணெய் தவிர்க்கவும்’ என்று மங்கிப்போன ஒரு ஜெராக்ஸ் தாள். அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் நாற்காலி போட்டு உட்காருகிறார்.

மகனுக்கு மலத்தில் கால்ப்ரொடெக்டின் பரிசோதனை செய்யலாமா என்று அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள். வலி இல்லாதபோதும் உள்ளே அழற்சி இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் பொடி டப்பா இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.