பக்கத்து மலைக்கு நான்கு முறை

கேள்வி: கொரோனா ஊரடங்கில் வெளியூர்ப் பயணம் நின்றுபோனபோது, வீட்டுக்குப் பக்கத்திலேயே எங்காவது போய்வந்து சந்தோஷப்பட்ட அனுபவம் உண்டா?

உண்டு. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் இருக்கும் சமணர் மலை. காளவாசலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் இருந்தால் அதிகம். எனக்குச் சொந்த ஊர் தேனி மாவட்டம் ஆண்டிபட்டி. மதுரைக்கு வந்து பதினைந்து வருடமாக, அந்த மலைக்குத் திரும்பும் விலக்கைத் தாண்டித்தான் ஊருக்குப் போய்வருவேன். ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

2020 ஜூன் 24-இல் மதுரையில் முழு ஊரடங்கு போட்டார்கள். ஒரு வாரம் என்றது ஜூலை பாதிவரை நீண்டது. அதைத் தளர்த்திய பிறகும் மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். அம்மா ஆண்டிபட்டியில் தனியாக இருந்தார். அறுபது கிலோமீட்டர்தான், ஆனால் நடுவே கணவாயில் சோதனைச் சாவடி. கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி என்றால் பாஸ் உண்டு. அம்மாவைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது என்பதற்குப் பாஸ் கிடையாது.

வீட்டில் மகளுக்கு நாலாம் வகுப்பு முழுவதும் என் செல்போனுக்குள் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஆளே இல்லாத எடமா எங்கயாச்சும் போவோம்ப்பா" என்றாள். அப்போதுதான் சமணர் மலை ஞாபகம் வந்தது. மாவட்டத்துக்குள்ளேயே இருப்பதால் பாஸ் தேவையில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. ஞாயிறு என்றால் முழு ஊரடங்கு. விடிவதற்கு முன்பே எலுமிச்சை சாதமும் தேங்காய்த் துவையலும் கட்டிக்கொண்டு மூன்று பேரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். நாகமலை புதுக்கோட்டையில் இடது பக்கம் திரும்பவேண்டும். நேரே போனால் அம்மா வீடு. அந்த இடத்தில் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்திவிட்டேன். மனைவி எதுவும் கேட்கவில்லை, புரிந்திருக்கும்.

மலையடிவாரத்தில் தாமரைக்குளம், அய்யனார் கோயில், பெரிய ஆலமரம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்து, "மாஸ்க்கக் கழத்திட்டு ஏறுங்கய்யா, மேல ஈ காக்கா கெடையாது" என்றார். நான்கு மாதத்துக்கு அப்புறம் வெட்டவெளியில் மூக்கை மறைக்காமல் மூச்சு விட்டோம். இதை எழுதும்போதுகூட நெஞ்சு விரிகிறது.

முதலில் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. அதற்கு வெளியே பாறையில் ஒரு தீர்த்தங்கரர், அதாவது சமணர்கள் வணங்கும் குரு, பெரிதாக உட்கார்ந்திருக்கிறார். காது தொங்கத் தொங்க இருப்பதால் ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் என்கிறார்கள். உள்ளே குனிந்து பார்த்தால் சிங்கத்தின் மேல் ஒரு பெண், எதிரே யானை மேல் ஒருவன். அவள் வில்லை வளைத்து அவனோடு போர் செய்கிறாள். மகள் அந்தச் சிற்பத்தை விட்டு நகரவே மாட்டேன் என்றுவிட்டாள்.

அப்புறம் மறுபக்கம் பாறைப் படியில் ஏறினால் பேச்சிப்பள்ளம். ஒரு சுனை, அதன் மேலே வரிசையாக எட்டுச் சிற்பங்கள். 9, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதில் ஒருவர் சமணர்கள் வணங்கும் துறவி பாகுபலி, சிலை என் மகள் உயரம்கூட இல்லை. இதே பாகுபலியைப் பார்ப்பதற்காக, இரண்டு வருடத்துக்கு முன் வேன் பிடித்து சிரவணபெளகொளா வரை போய், அறுநூறுக்கு மேல் படியேறி, 57 அடிச் சிலையைக் கூட்டத்தோடு கூட்டமாக அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தவன் நான். இங்கே எங்கள் மூன்று பேரையும் விட்டால் யாரும் இல்லை.

சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து. மகள் தொடாமல், விரலைக் காற்றில் வைத்து அந்தச் சுழியைப் பின்தொடர்ந்தாள். "இது தமிழாப்பா? ஜாங்கிரி சுத்துன மாதிரி இருக்கு." தமிழ்தான் என்றேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள், எனக்கும் படிக்கத் தெரியவில்லை.

அன்று ராத்திரி தேடிப் படித்தேன். அங்கே உள்ள கல்வெட்டு ஒன்று: அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. அவ்வளவுதான். திருமேனி என்றால் சிலை. அச்சணந்தி பெரிய துறவி, தமிழ்நாட்டில் பல மலைகளில் அவர் பெயர் இருக்கிறது. வீட்டைத் துறந்து போன மகனின் பெயரைச் சொல்லி, இன்னாருடைய அம்மா நான் என்று ஒருத்தி ஆயிரம் வருடத்துக்கு முன் பாறையில் வெட்டி வைத்திருக்கிறாள். உடனே அம்மாவுக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தச் சுனையில தண்ணி கெடந்துச்சாப்பா?" என்றார். இருந்தது என்றதும், அப்போ சரி என்றார்.

அதற்கடுத்த வாரமே மறுபடி போனோம், அந்த எழுத்தைப் பார்க்க. பக்கத்து இடத்தின் சுகமே இதுதான் என்று நினைக்கிறேன். தூரத்து ஊரில் காசு போட்டு வந்திருக்கிறோம் என்று ஒரே நாளில் பத்து இடத்தை ஓடி ஓடிப் பார்ப்போம். இங்கே ஒரு கல்லைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கலாம். அடுத்த கல்லை அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது முறை போனபோது, பாறையில் யாரோ பெயிண்டில் எழுதிய காதலர் பெயர்களை மகள் எண்ணினாள். பதினாறு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. போகிறவர்கள் தயவுசெய்து எதையும் எழுதாதீர்கள், சுரண்டாதீர்கள்.

மற்ற மலைகளுக்கும் போனோம். கொங்கர் புளியங்குளம், ஆனைமலை, மாங்குளம். அரிட்டாபட்டியில் குடைவரைச் சிவன் கோயில் வாசலில் உட்கார்ந்து, பாறை முகட்டில் ராஜாளி வட்டமடிப்பதைப் பார்த்தோம். 2022 நவம்பரில் அதே இடத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது சொந்தக்காரருக்குப் பரிசு கிடைத்த மாதிரி வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

செப்டம்பர் 1-இல் மாநிலத்துக்குள் இ-பாஸ் போனது. ஆண்டிபட்டிக்குப் போய் அம்மாவைக் கூட்டிவந்தேன். வரும் வழியில் வண்டியைக் கீழக்குயில்குடிக்குத் திருப்பச் சொன்னதும் அவர்தான். முட்டி வலியோடு மலை ஏற முடியாது. ஆலமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். மகள் மட்டும் என்னோடு பேச்சிப்பள்ளம்வரை ஏறி, காலித் தண்ணீர் பாட்டிலில் சுனைத் தண்ணீர் கொஞ்சம் பிடித்து வந்தாள். அம்மா அதைக் கையில் வாங்கி, முகத்தில் தெளித்துக்கொண்டார். "அந்த மகராசி பேரு என்னடி சொன்ன?"

"குணமதியார், அப்பத்தா."