கைக்காகிதப் பத்திரிகையில் எழுத்து ஊறுவது ஏன்?

கேள்வி: மகளின் திருமணம் தை மாதத்தில் நடக்கவிருக்கிறது. முந்நூறு பத்திரிகைகளைக் கைக்காகிதத்தில் நாங்களே தயாரிக்க எண்ணி, 22-க்கு 30 அங்குல அளவுள்ள தாள்கள் நாற்பது வாங்கினோம். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்டால் எழுத்துகள் ஊறிப்போகின்றன. கடைக்காரர், “ஹேண்ட்மேட் என்றால் அப்படித்தான் இருக்கும்” என்கிறார். இந்தத் தாளை என்ன செய்வது? மீதமாவதை மண்டப அலங்காரத்துக்குப் பயன்படுத்தலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: கடைக்காரர் சொன்னதை நம்பாதீர்கள். மை ஊறுவது கைக்காகிதத்தின் இயல்பன்று. சைஸிங் செய்யாத, அதாவது மை ஊறாமலிருக்கப் பசை ஏற்றாத காகிதத்தின் இயல்பு. பனியன் கட்டிங் போன்ற பருத்திக் கழிவைக் கூழாக்கிச் சல்லடைச் சட்டத்தில் வடித்து எடுக்கும் தாள், அந்த நிலையில் ஏறக்குறைய ஒற்றுத்தாள்தான். பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதுபோல, கூழிலோ காய்ந்த தாளின் மேலோ ஒரு பசைப்பொருளை ஏற்றினால்தான் இழைகளுக்கு இடையே மை ஓடாமல் நிற்கும். பழைய இந்தியக் காகிதக்காரர்கள் தாளுக்கு மாவுக்கஞ்சி பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய பிறகே எழுதுவோருக்குக் கொடுத்தார்கள். இப்போது நடக்கும் பயிற்சி வகுப்புகள் பலவற்றில் கூழ் கலக்கவும் தாள் எடுக்கவும் கற்றுக்கொடுத்துச் சான்றிதழோடு அனுப்பிவிடுகிறார்கள்; அந்தத் தாளில் யார், எதைக்கொண்டு எழுதப்போகிறார்கள் என்று கேட்க அங்கே ஆள் இருப்பதில்லை.

சோதிப்பது எளிது. தாளின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு முத்துப்போல் சிறிது நேரம் நின்றால் சைஸிங் இருக்கிறது. விட்டவுடன் இருண்டு பரவினால் இல்லை. காசு கொடுப்பதற்கு முன்பே, கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை இது.

வாங்கிவிட்ட தாளை ஓரளவு மீட்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் ஜவ்வரிசி மாவு என்ற அளவில், கண்ணாடிபோல் தெளியும்வரை கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, ஆறியதும் அகலமான பிரஷால் இருபுறமும் மெல்லியதாகப் பூசி, நிழலில் கொடிகட்டி உலர்த்துங்கள். தாள் நெளியும், முழுதும் காய்வதற்குச் சற்று முன்பே எடுத்துப் பலகைகளுக்கு நடுவே பாரம் வைத்தால் படிந்துவிடும். இதனால் மை ஊறுவது குறையுமே தவிர அறவே நிற்காது. ஆகவே இங்க்ஜெட்டை மறந்துவிடுங்கள். லேசரும் வேண்டாம், மேடுபள்ளமான தாளில் டோனர் என்ற மைப்பொடி சரியாக ஒட்டாது, தடித்த தாள் இயந்திரத்துக்குள் சிக்கிக்கொள்ளும். உங்கள் ஊரிலேயே ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவரிடம் கொடுங்கள். அந்த மை கெட்டியானது, மேற்பரப்பிலேயே தங்கும். விரித்த நிலையில் 7-க்கு 10 அங்குலம் என்றால் ஒரு தாளில் ஒன்பது பத்திரிகை வரும். முந்நூறுக்கு 34 தாள் போதும், மீதி ஆறும் அச்சில் வீணாவதற்கு.

எழுத்தின் அளவை 14 பாயிண்டுக்குக் கீழே குறைக்காதீர்கள். சொரசொரப்பான தாளில் முதலில் காணாமல்போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். மலர்க்கொடி என்ற மணமகள் மலரக்கொடி ஆகிவிடுவாள். வாட்ஸ்அப்பில் வரும் புரூஃபில் இது தெரியாது. உங்கள் தாளிலேயே ஒரு பிரதி அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மூலைகளில் மஞ்சள் வைப்பதானால் கரைசலாக அல்லாமல் கெட்டியாகக் குழைத்து விரல்நுனியால் தொட்டு வையுங்கள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலால் வைத்தால் மஞ்சள் சிவந்துபோகும்.

இடைத்தரகர்களைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. பத்திரிகை ஏற்பாடு முழுவதையும் தாங்களே பார்த்துக்கொள்வதாக முன்பணம் வாங்குவோர் காட்டும் மாதிரி ஒரு தாளாகவும், வந்து சேருவது வேறு தாளாகவும் இருப்பது இத்தொழிலில் சாதாரணம். இயந்திரத்தில் ஓடிய தாளுக்குச் சொரசொரப்பு அழுத்தி, ஓரத்தைப் பிய்த்துவிட்டு ஹேண்ட்மேட் விலைக்கு விற்பதும் உண்டு. நீளவாக்கிலும் குறுக்கிலும் கிழித்துப் பாருங்கள். ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் கோணலாகவும் கிழிந்தால் அது இயந்திரத் தாள். கையால் எடுத்த தாளில் இழைகள் எல்லாத் திசையிலும் கிடப்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் கிழியும். மாதிரித் தாளில் விற்பவரின் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பருத்தித் தாள், இத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை), சைஸிங் செய்தது என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

ஊறும் தாளை வாங்காதீர்கள் என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அது விதைக் காகிதம், அதாவது நட்டால் முளைக்கும்படி விதை சேர்த்து எடுத்த தாள். விதை முளைக்க ஈரம் உள்ளே போக வேண்டும். ஆகவே அதில் சைஸிங் இல்லாதிருப்பதே நேர்மை. ஆனால் சூடான உருளையில் தேய்த்து வழவழப்பாக்கிய விதைத் தாளில் விதை செத்திருக்கும். பழைய விதையைத் தூவித் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். உள்ளங்கை அளவு துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, நனைத்து, மண்ணின் மேல் வைத்து, மேலே மெல்ல மண் தூவி ஈரம் காயாமல் பாருங்கள். செண்டுமல்லியாக இருந்தால் ஒரு வாரத்தில் தலைகாட்டும், துளசிக்கு இரண்டு வாரம் வரை பொறுக்கலாம். முளைத்தாலும் பத்திரிகை முழுவதையும் அதில் அடிக்காதீர்கள். விதை மேட்டின் மேல் எழுத்து உடையும். வாசகத்தைச் சைஸிங் செய்த தாளில் அடித்து, விதைத் தாளைச் சிறு சீட்டாகச் சேர்ப்பதே சரி. அந்தச் சீட்டும் உறைக்குள் போவதால், ஒரு செட்டை முழுதாக மடித்து ஒட்டி எடை பாருங்கள். சாதாரணத் தபாலில் 20 கிராம் வரை 5 ரூபாய், ஒரு கிராம் கூடினாலும் அடுத்த படிக்குரிய கட்டணம்.

அலங்காரத்துக்குக் கஞ்சி பூசாத தாளே நல்லது. இதழ் மடிக்க இணங்கும், வெடிக்காது. குத்துவிளக்குக்கும் ஹோமகுண்டத்துக்கும் அருகில் காகிதம் கூடாது என்று அலங்காரம் செய்வோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாயத் தாள் வாங்கினால் ஈர வெள்ளைத்துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் துணியில் ஏறினால் அந்தத் தாளை மணமேடைக்கு மேலே தொங்கவிட வேண்டாம். பன்னீர்த் துளியோ அட்சதையின் ஈரமோ பட்டாலும் கீழே உட்கார்ந்திருப்பவர்களின் பட்டில் கறை படியும்.