ஆசிரியராக இருப்பவர் கதை எழுதினால் அது பாடப்புத்தகம் போலத்தான் இருக்குமா?

நீங்களும் ஓர் ஆசிரியராகத்தான் இருப்பீர்கள். யாரோ ஒருவர் உங்கள் கதையைப் படித்துவிட்டு "வாத்தியார் தமிழ்" என்று சொல்லியிருப்பார். எனக்கும் சொன்னார்கள். அதில் பாதி உண்மை என்பதுதான் வலித்தது.

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் 26 வருடங்கள் படிப்பித்தேன். தரம் ஐந்து மாணவி ஒருத்தி, "நேற்று அம்மாவுக்கு அரைப்பேர்தான் போட்டார்கள்" என்று கட்டுரையில் எழுதியிருந்தாள். அதைச் சிவப்பு மையால் வெட்டி, "அம்மா அரைநாள்தான் வேலை செய்தார்" என்று திருத்தினேன். கொப்பியைப் பார்த்துவிட்டு அவள் என் மேசைக்கு வந்தாள். "இல்லீங்க சேர், அம்மா அந்திவரைக்கும் மலையிலதான் நின்னாங்க. கிலோ கொறஞ்சதுக்குத்தான் அரைப்பேர்." பறித்த கொழுந்தின் எடை குறைந்தால், நாள் முழுவதும் நின்றவருக்கும் பாதிச் சம்பளமே பதிவதுதான் அரைப்பேர். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் நின்று வளர்ந்த எனக்கு அது தெரியாததல்ல, ஆனால் நல்ல தமிழ் என்று நான் எழுதிய வாக்கியம், நாள் முழுவதும் மழையில் நின்ற ஒரு பெண்ணைப் பாதி நாள் வீட்டில் இருந்தவளாக்கிவிட்டது. என் முதல் கதை அந்தக் கொப்பியிலிருந்துதான் வந்தது.

இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் சண்டைக்கு வர வேண்டாம். பரீட்சைத் தாளுக்கு அது வேண்டும், நானே அதற்காகப் பிள்ளைகளை வதைத்திருக்கிறேன். ஆனால் மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் ஆசிரியராக இருந்தவர்தான். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற அவர், ஆங்கிலத்திலும் எழுதினார், தோட்டத்து மக்கள் பாடிய பாடல்களையும் தேடித் தொகுத்தார். அந்தப் பாடல்களுக்குள் இருப்பது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்திலும் மலையிலும் வழங்கிய பேச்சு. அதைத் திருத்தியிருந்தால் தொகுப்பதற்கு என்ன மிஞ்சியிருக்கும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதையை ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினேன். அச்சில் வந்தபோது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, "அரைப்பேர்" இருந்த இடமெல்லாம் "அரைநாள் கூலி" என்று மாற்றியிருந்தார்கள். வாசகருக்கு விளங்காதாம். கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. பிறகு என் சொந்தச் செலவில் தொகுப்பு அச்சிட்டபோது, ஒப்புநோக்குவதற்கு வேறு எவரையும் விடாமல் நானே மூன்று தடவை உட்கார்ந்து பார்த்தேன். அந்த மாணவியின் அம்மாவுக்குக் கொடுக்க ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போனபோது அவர்கள் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குப் போய்விட்டிருந்தார்கள்.