டோஸ்ட் நமுத்துப் போகுதா? இப்படி பண்ணிப் பாருங்க

டோஸ்ட் மேல தக்காளி வச்சா 10 நிமிஷத்துல நமுத்துப் போகுது, காலைல அத சாப்பிட்டாலும் 11 மணிக்கே திரும்ப பசிக்குதுன்னு கேட்டிருந்தீங்க. தக்காளி மேல மட்டும் பழி போடாதீங்க, டோஸ்ட்ட சூடா எடுத்து தட்டுல படுக்க வைக்கிறோம்ல, அந்த ஆவி அடியில மாட்டிக்கும், அதனால ரெண்டு நிமிஷம் சாய்ச்சு நிக்க வச்சு ஆற விடுங்க, தக்காளிய முன்னாடியே வெட்டி உப்பு போட்டு தண்ணிய வடிச்சிடுங்க, முதல்ல மெல்லிசா வெண்ணெயோ சீஸோ தடவிட்டு அடுக்குனா ஈரம் சட்டுனு இறங்காது. பசிக்கு புரோட்டீன் சேருங்க, ஒரு முட்டைல சுமாரா 6 கிராம் இருக்கு, இல்லன்னா வேகவச்ச கொண்டைக்கடலைய பூண்டு, எலுமிச்சை, எள்ளோட மசிச்சு தடவுங்க (எனக்கு முட்டைய விட இதான் பிடிக்கும்). அப்புறம் பிரவுன் கலர பாத்து பிரெட் வாங்காதீங்க, கேரமல் சேத்தாலே அந்த கலர் வந்துடும், பாக்கெட்ல முதல் பொருளா முழு கோதுமை மாவு போட்டிருக்கான்னு பாருங்க.