ஒரே நாளில் கோயில், அருவி இரண்டும் பார்த்துவர கொல்லிமலை சரிவருமா?

நாமக்கல்லில் காலையில் கிளம்பி, அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்ப முடியுமா, அறுபது தாண்டிய அம்மாவும் வருகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், தாராளமாக. ஆனால் அம்மாவை அருவி வரைக்கும் கூட்டிப்போவதா என்பதை மேலே இருக்கும்போதே முடிவுசெய்துவிடுங்கள்.

ஏன் என்றால், மற்ற மலைக்கோயில்களில் முதலில் ஏறுகிறோம். பாதியில் மூச்சு வாங்கினால் திரும்பிவிடலாம், நம் தெம்பு எவ்வளவு என்று அப்போதே தெரிந்துவிடும். இங்கே தலைகீழ். கோயில் வாசல் வரைக்கும் வண்டி போகும், அருவி கீழே பள்ளத்தாக்கில் இருக்கிறது, கோயிலுக்குப் பக்கத்திலிருந்தே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. இறங்கும்போது யாருக்கும் கஷ்டம் தெரியாது, நிழல், குளிர்ந்த காற்று, கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர்ச் சத்தம் வேறு கேட்க ஆரம்பித்துவிடும், எல்லோரும் பேசிக்கொண்டே ஜாலியாக இறங்குவார்கள். குளித்து முடித்து, பசியோடு, ஈரத் துணியோடு அத்தனை படிகளையும் ஏறும்போதுதான் இருக்கிறது கச்சேரி. சில இடங்களில் படி செங்குத்தாகவும் உயரமாகவும் இருக்கும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறங்குவதும் சுகமில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நின்று நின்று ஏறுகிற பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன், ஆனால் அவர்கள் தினம் நடக்கிறவர்கள். அம்மா அப்படி இல்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். கோயிலில் உட்காரட்டும், அருவி ஆசைக்கு மாசிலா அருவியோ நம்ம அருவியோ காட்டுங்கள், இரண்டுக்கும் இவ்வளவு படி கிடையாது.

அதனால் வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: காலையிலேயே அருவி, அப்புறம் கோயில். வெயில் ஏறுவதற்குள் படி ஏறிவிடலாம், கூட்டமும் குறைவு. சாயங்காலம் சீக்கிரமே கீழே விடுவதை நிறுத்திவிடுவார்கள், தாமதமாகப் போய் ஏமாந்து நிற்க வேண்டாம். மலையடிவாரத்தில் காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வண்டியில் ஏறாதீர்கள், காரணம் சொல்லத் தேவையில்லை.

தண்ணீர் நன்றாக இருப்பது வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு. கோடையில் சில சமயம் நூலாகத்தான் விழும். கனமழை என்றால் வனத்துறை அருவிப் பாதையை மூடிவிடும், கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள். நன்றாக விழும் நாளில் நேர் கீழே நிற்க முடியாது, சாரலே போதும், அரை நிமிடத்தில் தொப்பலாக நனைந்துவிடுவீர்கள். பாறைகளில் பாசி, கவனம்.

விழுவது அய்யாற்றுத் தண்ணீர்தான். அதே ஆறு கோயிலை ஒட்டி ஓடிவந்து, இங்கே குதித்து, அந்தப் பக்கம் புளியஞ்சோலை வழியாகத் திருச்சி மாவட்டத்துக்குப் போகிறது. கோயிலருகே ஆற்று மீன்களுக்குப் பொரி போடுவார்கள், பிடிக்க மாட்டார்கள். வெட்டிச் சமைத்த மீன் உயிர் பெற்று ஆற்றில் துள்ளியது என்று ஒரு தலக்கதை உண்டு, அந்த மரியாதை. தேவாரத்தில் பெயர் மட்டும் வரும் வைப்புத் தலம் இது, ‘அறப்பளீசுர சதகம்’ பாடப்பட்டதும் இந்தச் சாமி மேல்தான். பெரிய கோபுரம் எதிர்பார்த்துப் போகாதீர்கள், அடக்கமான கோயில், எனக்கு அதுதான் பிடிக்கும். ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும். விழா பார்க்க வேண்டுமென்றால் அப்போது போங்கள், நிம்மதியாக அருவி பார்க்க என்றால் அந்த இரண்டு மூன்று நாள் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் பாட்டில் ஆளுக்கு ஒன்று, நல்ல பிடிப்புள்ள செருப்பு, மாற்றுத்துணி. சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள், குரங்குகள் பிடுங்கிவிடும். ஏறி வந்ததும் கடைகளில் முடவாட்டுக்கால் சூப் கிடைக்கும். ஆட்டுக்கால் மாதிரி இருக்கும், ஆனால் கிழங்கு, சைவம்தான். மூட்டுவலி போகும் என்று சொல்லித்தான் விற்பார்கள், அதற்கு நான் உத்தரவாதம் இல்லை, மிளகு தூக்கலாகப் போட்டுச் சூடாகக் கொடுத்தால் நான் இரண்டு டம்ளர் குடிப்பேன்.