கதை படித்து ஒருவருடைய அரசியல் மாறுமா?

"நாவல் படிப்பதால் அரசியல் பார்வை மாறுமா? ஓட்டுப் போடுகிறவனுக்கு அதனால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மாறியது.

தஞ்சாவூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. கீழ்வெண்மணி என்றால் வீட்டில் 'அந்தக் கூலித் தகராறு' என்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். கல்லூரி முதல் வருடம், அந்தக் கீழ்வெண்மணிச் சம்பவத்தை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' கைக்கு வந்தது. 1975இல் வெளிவந்து, 1977இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல். ஒரே ராத்திரியில் முடித்தேன்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் பரணிலிருந்த இரும்பு அரைப்படியை இறக்கி, நெல்லை அள்ளித் தலைதட்டி முறத்தில் கொட்டினேன். ஒரு மூலைக்குத்தான் வந்தது.

"என்னப்பா பண்ணுறே?" என்றது அப்பாயி.

"வெண்மணியில கூலி கூட இவ்வளவுதான் கேட்டாங்களாம், அப்பாயி."

அது பதில் சொல்லவில்லை. முறத்தை வாங்கிப் புடைக்க ஆரம்பித்துவிட்டது.

அந்த அரைப்படிக்காகவும், தங்கள் கம்யூனிஸ்ட் சங்கத்தின் செங்கொடியை இறக்கிவிட்டு மிராசுதாரர்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர மறுத்ததற்காகவும்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். உயிருக்குப் பயந்து ஒரே குடிசைக்குள் ஒண்டியிருந்தவர்கள். கீழ்நீதிமன்றம் தண்டித்த மிராசுதாரர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கிற அளவு வசதியானவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பில் வருகிற வாதம்.

அதைப் படித்தபோது எனக்கு உறைத்தது, இதுவும் ஒரு கதைதான் என்று. பணக்காரன் எப்படி நடந்துகொள்வான் என்று ஒரு பாத்திரத்தை மனசில் வைத்துக்கொண்டு சொன்ன கதை. அந்தக் குடிசைக்கு உள்ளே இருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனைக்கு அங்கே இடம் இருக்கவில்லை. நாவல் படித்திராவிட்டால் எனக்கு இது பிடிபட்டிருக்காது.

'குருதிப்புனல்' சொல்வதையெல்லாம் நான் ஏற்கவில்லை. அதில் பண்ணையார் கண்ணையா நாயுடுவின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறைவு காரணமாகக் காட்டப்படுகிறது. கூலிப் போராட்டத்தை ஒரு தனிமனிதனின் மனக்கோளாறாக்கி விட்டார் என்று இடதுசாரிகள் அப்போதே கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயம் என்றே நினைக்கிறேன். பிறகு அதே வெண்மணியைப் பற்றிச் சோலை சுந்தரபெருமாள் எழுதிய 'செந்நெல்' நாவலைத் தேடிப் படித்தேன். ஒரே ராத்திரியை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும்போது, யார் வாயால் கேட்கிறோம், யார் பேசவே இல்லை என்று பார்க்கிற பழக்கம் வந்துவிடுகிறது.

அந்தப் பழக்கம் கிராம சபைக்கும் என்னோடு வருகிறது. போன கூட்டத்தில் நடவுக்குப் போகிற ஒரு அக்கா, தங்கள் தெருவின் சுடுகாட்டுப் பாதையைப் பற்றிப் பேசினார். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறவரை கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.